குண்டூசி முனையில் ஒரு சரித்திரம்: சொறி சிரங்கின் கதை

ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் ஆரம்பிக்கும். முதலில் விரலிடுக்கில் லேசான குறுகுறுப்பு. அப்புறம் மணிக்கட்டு, அக்குள், இடுப்பில் பாவாடை நாடாவோ அரைஞாண் கயிறோ இறுக்குகிற இடம். சொறியச் சொறியச் சுகமாக இருக்கும், நிறுத்தினால் எரியும். பகலில் ஓரளவு அடங்கிக் கிடக்கும். மறுபடி இரவு வந்தால் மறுபடி அதே கச்சேரி. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஒரே பாயில் படுக்கிற எல்லோருக்கும் வந்து சேரும்.

இதைத்தான் நம் ஊரில் சொறி சிரங்கு என்று சேர்த்தே சொல்கிறார்கள். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் பிளேக்குக்கு இடம் உண்டு, காலராவுக்கு உண்டு, அம்மைக்கு உண்டு. சிரங்குக்குக் கிடையாது. சிரங்கு வந்து எந்த ராஜாவும் செத்ததாகக் கேள்வியில்லை. (நெப்போலியன் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பது சொறிவதற்காகத்தான் என்று ஒரு கதை உண்டு. சிரிக்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களை அப்படி நிற்கவைத்து வரைவது வழக்கம். ஆனால் அவருடைய படைகளில் ஏராளமான சிப்பாய்கள் சிரங்கோடு அலைந்தார்கள் என்பது மட்டும் நிஜம்.)

ஆனால் இந்த அற்ப நோய்க்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் அற்பமானதல்ல. படிக்காத ஏழைத் தாய்மார்கள் கையில் ஒரு ஊசியோடு தெரிந்துவைத்திருந்த ஒரு விஷயத்தை, ஐரோப்பாவின் மெத்தப் படித்த டாக்டர்கள் ஒத்துக்கொள்ள நூற்றைம்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் ஆசாமியை அறிமுகம் செய்துவிடலாம். சிரங்குக்குக் காரணம் ஒரு பூச்சி. பூச்சி என்பது பேச்சு வழக்குதான். சரியாகச் சொன்னால் எட்டுக்கால் பிராணி. மாட்டு மேலும் நாய் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கூர்மையான பார்வை இருந்தால் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். இது தோலின் மேல் அடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய், தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். பெண் பூச்சி ஒன்றிரண்டு மாதம் வரை உயிரோடு இருக்கும்.

உடம்பு முழுக்கச் சொறிகிறானே, ஆயிரக்கணக்கில் இருக்கும் போல என்றுதான் தோன்றும். கிடையாது. சாதாரணமாக ஒரு நோயாளியின் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அரிப்பு பூச்சி கடிப்பதால் மட்டும் வருவதில்லை. பூச்சி, அதன் முட்டை, அதன் கழிவு எல்லாவற்றுக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அரிப்பு. அதனால்தான் முதல் தடவை தொற்றியவருக்கு நாலைந்து வாரம் எதுவுமே தெரியாது. இந்த நாலைந்து வாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கால்வாசிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது.

பழைய கிரேக்க வைத்தியத்தில் உடம்பு நான்கு திரவங்களால் ஆனது: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும் பித்தம். இதில் ஒன்று கெட்டால் நோய். சிரங்கும் அப்படித்தான் உள்ளேயிருந்து வெளியே வருகிறது என்பது ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் பாடம். நம் ஊரில் இன்றைக்கும் தோலில் எது வந்தாலும் "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லி, ரத்த சுத்திக்குக் கசப்பாக எதையாவது குடிக்கக் கொடுக்கிறார்களே, ஏறக்குறைய அதே யோசனை. மேலே மருந்து போட்டு அமுக்கினால் நஞ்சு உள்ளே போய்விடும் என்ற பயமும் இரண்டு ஊருக்கும் பொது. ஹோமியோபதியை உண்டாக்கிய ஹானிமன் 1828இல் எழுதிய நூலில், நாள்பட்ட நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அமுக்கப்பட்ட சிரங்குதான் மூலம் என்றே வாதாடினார்.

இதற்கிடையில் வேறு மாதிரி பார்த்தவர்களும் இல்லாமல் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்து அரபு வைத்தியர் இப்னு சுஹ்ர், தோலை உரித்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னப் பிராணி வெளியே வருவதாக எழுதி வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1687. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். ஜோவான்னி கோசிமோ பொனோமோ என்ற இளம் டாக்டரும், தியாசிந்தோ செஸ்டோனி என்ற மருந்துக்கடைக்காரரும் சிநேகிதர்கள். ஃபுளோரன்ஸில் க்ரூஸ்கா என்ற மொழிக் கழகம் வெளியிட்ட இத்தாலிய அகராதியில் ஒரு சொல்லுக்கு, சிரங்கு பிடித்தவர்களின் தோலில் உண்டாகி அரித்துக் கடுமையான நமைச்சலைத் தரும் மிகச் சிறிய புழு என்கிற மாதிரி பொருள் போட்டிருந்தது. அதாவது, சாதாரண ஜனங்களின் பேச்சில் அந்தப் பூச்சிக்குப் பெயரே இருந்திருக்கிறது! அகராதிக்காரர்கள் அதைக் கேட்டுப் பதிந்துவிட்டார்கள். மருத்துவப் பேராசிரியர்களுக்குத்தான் காதில் விழவில்லை.

பொனோமோ வெறும் அகராதியை நம்பவில்லை. ஊரில் விசாரித்தார். சிரங்கு வந்த பிள்ளைகளின் தோலிலிருந்து ஏழைப் பெண்கள் குண்டூசி முனையால் எதையோ எடுத்து, பேனை நசுக்குவது போல நகத்தில் வைத்து நசுக்குவதைப் பார்த்திருந்தார்கள். துறைமுகச் சிறையில் அடைபட்டிருந்த கப்பல் அடிமைகளும் ஒருவருக்கொருவர் இதையே செய்தார்கள். ஆக லிவோர்னோவில் சிரங்குக்கு வீட்டு வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. கருவி ஒரு ஊசி, அறுவை நிபுணர் அம்மா.

சிநேகிதர்கள் இருவரும் ஒரு நோயாளியைப் பிடித்து, எங்கே அதிகமாக அரிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் ஊசியால் கிளறி, வந்த வெள்ளைப் புள்ளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். நடக்கிறது! பல பேரிடம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் அதே பிராணி. ஒரு தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முட்டையும் இட்டது. படம் வரைந்துகொண்டார்கள். 1687 ஜூலையில் பொனோமோ இதையெல்லாம் ஃபிரான்செஸ்கோ ரெடி என்ற விஞ்ஞானிக்குக் கடிதமாக எழுதினார். இறைச்சியில் புழு தானாக உண்டாவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்துதான் வருகிறது என்று 1668இல் நிரூபித்துக் காட்டிய அதே ரெடிதான்.

அந்தக் கடிதத்தின் விசேஷம் பூச்சியைக் காட்டியது மட்டுமில்லை. நோய்க்குக் காரணம் பூச்சி என்றால் உள்ளுக்கு மருந்து குடித்துப் பிரயோஜனமில்லை, பூச்சியைக் கொல்லும் குளியலும் களிம்பும்தான் வைத்தியம், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இந்தப் பூச்சி இடம் மாறுவதால்தான், மருந்தை நிறுத்தியதும் திரும்ப வருவது முட்டைகள் மிச்சமிருப்பதால்தான் என்று கணக்காக எழுதினார். இன்றைக்கு எந்தத் தோல் மருத்துவரிடம் காட்டினாலும் இதில் திருத்துவதற்கு அதிகம் இருக்காது. மனிதனின் ஒரு நோய்க்கு இன்ன நுண்பிராணிதான் காரணம் என்று கண்ணால் பார்த்து எழுதியதில் இதுவே முன்னோடி என்பார்கள். பாஸ்டரும் காக்கும் வருவதற்கு இன்னும் இருநூறு வருஷம் இருந்தது.

பலன்? போப்பாண்டவரின் மருத்துவர் லான்சிசி ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சி இருக்கலாம், ஆனால் காரணம் கெட்ட திரவங்கள்தான் என்றார். கலிலியோவுக்கு நடந்தது ஊருக்கே ஞாபகம் இருந்த காலம். பொனோமோ வாயை மூடிக்கொண்டார். 1696இல் இறந்தும் போனார். 1703 வாக்கில் ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கில டாக்டர் கடிதத்தின் சாரத்தை லண்டன் ராயல் சொசைட்டியின் பத்திரிகையில் மொழிபெயர்த்துப் போட்டார். 1710இல் செஸ்டோனி, கண்டுபிடிப்பு உண்மையில் தன்னுடையது என்று உரிமை கோரினார். சிநேகிதர்களுக்குள் பெயர் யாருக்கு என்ற சண்டை இன்றுவரை சரித்திர ஆசிரியர்களுக்குத் தீனி. அந்தச் சண்டையில் யாருமே உரிமை கோராத கூட்டம் ஒன்று உண்டு. ஊசியும் கையுமாக இருந்த அந்தப் பெண்களும் அடிமைகளும்தான் அது.

அடுத்த காட்சி பாரிஸ். செயின்ட் லூயி ஆஸ்பத்திரி அப்போது தோல் நோய்களுக்கு உலகத்திலேயே பெயர் பெற்ற இடம். சிரங்கு நோயாளிகள் குவிந்து கிடந்தார்கள். ஆனால் பூச்சியை மட்டும் யாராலும் பார்க்க முடியவில்லை. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமாகிவிட்டது.

1812இல் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தாளுநராக இருந்த ழான் கலேஸ் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை சமர்ப்பித்தார். பூச்சியைப் பார்த்துவிட்டேன் என்று படத்தோடு! பெரிய கைதட்டல். கந்தகப் புகையைப் பெட்டிக்குள் செலுத்தி நோயாளியை அதில் உட்காரவைக்கும் சாதனம் ஒன்றையும் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தலை மட்டும் வெளியே, உடம்பு முழுக்கப் பெட்டிக்குள். ஆனால் அவருக்குப் பிறகு தேடியவர்களுக்கு ஒரு பூச்சிகூடக் கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் தேடினார்கள். 1829இல் ராஸ்பை என்ற விஞ்ஞானி கலேஸின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அது சிரங்குப் பூச்சியே இல்லை, பழைய சீஸில் நெளியும் பூச்சி! கலேஸ் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா என்பது இன்னும் முடியாத வழக்கு. சேதம் என்னவோ பெரியது. சிரங்குப் பூச்சி என்பதே கட்டுக்கதை என்று டாக்டர்கள் முடிவு கட்டினார்கள். அயோடின் கரைசலால் இன்றைக்கும் பெயர் சொல்லப்படும் லூகால் அதே ஆஸ்பத்திரியில் இருந்தவர். பூச்சியைக் காட்டுகிறவருக்கு 300 ஃபிராங்க் பரிசு என்று சவால் விட்டார்.

1834 ஆகஸ்ட் 13. கார்சிகா தீவிலிருந்து படிக்க வந்திருந்த ரெனூச்சி என்ற மாணவன், சிரங்கு வந்த ஒரு பெண்ணின் கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியர்கள் கண்ணெதிரே ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டிவிட்டான். எங்கே கற்றுக்கொண்டானாம்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. கார்சிகாவின் கிராமத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. டாக்டர்கள் நீர் கோத்த கொப்புளத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். பூச்சி கொப்புளத்தில் இருப்பதில்லை. கொப்புளத்திலிருந்து பென்சில் கோடு போல மெல்லியதாக ஒரு சுரங்கம் ஓடும். அதன் மறுமுனையில்தான் ஆள் குடியிருக்கிறார். ஊசியைக் கோட்டின் முடிவில் வைக்க வேண்டும். கார்சிகா அம்மாக்களுக்கு இது தெரியும். பாரிஸ் பேராசிரியர்களுக்குத் தெரியாது. 1687க்கும் 1834க்கும் இடையே 147 வருஷம். ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்தியதற்குக் கொடுத்த விலை என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. வியன்னாவின் ஹெப்ரா தன் உடம்பிலேயே பூச்சியை ஏற்றிக்கொண்டு பரிசோதித்து, சிரங்குக்கு உள் காரணம் எதுவும் தேவையில்லை, பூச்சி போதும் என்று 1840களில் நிலைநாட்டினார். மருந்துக்கும் புதிதாக எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கந்தகம் இருந்தது. ரோமானியர் காலத்து நூல்களிலேயே சிரங்குக்குக் கந்தகம் சொல்லப்பட்டிருக்கிறது. நம் சித்த வைத்தியத்திலும் தோல் நோய் என்றால் கந்தகம் முன்வரிசையில் நிற்கும். காரணம் தெரியாமலே மருந்து சரியாக அமைந்துபோன அபூர்வமான இடம் இது. அந்த நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் வேறு என்ன செய்தார்கள்? வேப்பிலையும் பச்சை மஞ்சளும் சேர்த்து அரைத்து உடம்பு முழுக்கப் பூசி, காயவிட்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டுவது ஒன்று. குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துத் தடவுவது இன்னொன்று. இதில் பிள்ளைகள் போடுகிற கூச்சல் நாலு வீடு கேட்கும். சொறிந்து புண்ணான இடத்தில் உப்பு பட்டால் கேட்காமல் இருக்குமா? அறுகம்புல் தைலம், புங்க எண்ணெய் என்று பட்டியல் நீளும். பிற்பாடு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பால் போன்ற வெள்ளை மருந்து வந்தது. பென்சைல் பென்சோயேட் என்று பெயர். அதுவும் எரியத்தான் எரியும்.

வேப்பிலை மஞ்சளைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவதா, பாட்டி சொன்னதால் அப்படியே நம்புவதா என்று இரண்டு கட்சி எப்போதும் உண்டு. 1992இல் ஒரு வெப்பமண்டல மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 814 சிரங்கு நோயாளிகளுக்கு வேப்பிலை மஞ்சள் விழுதைப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானதாக முடிவு. நல்ல சேதிதான். ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட, விழுது பூசாத இன்னொரு கூட்டம் அதில் இல்லை. ஒரு கடையின் விற்பனையைப் பார்க்கும்போது பக்கத்துக் கடை விற்பனையையும் பார்த்தால்தானே விளம்பரத்தால் கூடியதா, தீபாவளியால் கூடியதா என்று தெரியும்? ஆகவே வேப்பிலைக்கு நம்பிக்கை தரும் ஆதாரம் இருக்கிறது, தீர்ப்பு சொல்லும் ஆதாரம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உண்மையில் வீட்டு வைத்தியம் தோற்ற இடம் மருந்து இல்லை. அதைத் தெரிந்துகொள்ள இரண்டாம் உலகப் போருக்குப் போக வேண்டும்.

பிரிட்டனில் போர் ஆரம்பித்ததும் சிரங்கு ஏறிக்கொண்டே போனது. ராணுவ முகாம், பதுங்கு இடங்கள், நகரத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் என எல்லா இடத்திலும் நெரிசல். 1941இல் சிரங்குக்கென்றே தனிச் சட்ட ஆணை போட்டு, வீடு வீடாகப் பரிசோதித்துச் சிகிச்சை தர அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தார்கள். சிப்பாய்களின் கம்பளி, உள்ளாடை எல்லாவற்றையும் சூடுபடுத்திக் கிருமிநீக்கம் செய்வதற்கும் பணம் தண்ணீராக ஓடியது. துணி மூலமாகத்தான் பரவுகிறது என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை!

கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர் சோதித்துப் பார்த்தார். ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு வீட்டை எடுத்தார். மனசாட்சியின் பேரால் துப்பாக்கி தூக்க மறுத்தவர்கள் சிலர் அதற்குப் பதிலாக உடம்பைக் கொடுக்க முன்வந்தார்கள். சிரங்கு நோயாளிகள் போட்டுக் கழற்றிய உள்ளாடைகளைத் துவைக்காமல் அப்படியே அணிந்தார்கள். அவர்கள் படுத்த போர்வைக்குள் வெற்றுடம்போடு படுத்தார்கள். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர யாருக்கும் வரவில்லை. பிறகு சிரங்கு உள்ளவர்களோடு ஒரே படுக்கையில் படுத்தார்கள். வந்துவிட்டது.

ஆக, தோலோடு தோல் நேரம் கழித்துப் படுவதுதான் முக்கிய வழி. துணிக்குப் பங்கு குறைவு. கம்பளிகளைச் சூடுபடுத்திய செலவெல்லாம் தவறான கணக்குத் தலைப்பில் எழுதிய செலவு என்று ஆனது. அதைவிட முக்கியமாக, முதன்முறை தொற்றினால் ஒரு மாதத்துக்கு அரிப்பே தெரியாது, அந்த ஒரு மாதமும் அவர் பூச்சியைப் பரப்பிக்கொண்டே இருப்பார் என்பதை மெல்லன்பி காட்டினார். குணமாகி மறுபடி தொற்றினால் மட்டும் ஓரிரு நாளிலேயே அரிக்கும். இத்தனைக்கும் அந்தத் தன்னார்வலர்கள் ஆராய்ச்சிக்காக மாதக்கணக்கில் மருந்து போடாமல் தூக்கமின்றிச் சொறிந்துகொண்டே கிடந்தார்கள். 1945இல் மெல்லன்பி இதைப் புத்தகமாகவும் எழுதினார். போர்வீரர்களுக்குச் சிலை உண்டு. இவர்களுக்குக் கிடையாது.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்பினால் தவறு எங்கே என்று பளிச்சென்று தெரியும். சொறிகிற பையனுக்கு மட்டும் வேப்பிலை பூசினார்கள். அல்லது அவனுக்கு மட்டும் வெள்ளை மருந்து தடவினார்கள். அவனோடு ஒரே பாயில் படுக்கும் தங்கைக்கு ஒன்றும் இல்லையே என்று விட்டார்கள். அவளுக்கு அரிக்க இன்னும் இரண்டு வாரம் பாக்கி. பையனுக்குக் குணமாகும், தங்கைக்கு ஆரம்பிக்கும். தங்கைக்குப் பூசுவார்கள், பையனுக்குத் திரும்ப வரும். "இந்த மருந்து சரியில்லை" என்று மருந்தை மாற்றுவார்கள். ஊசி முனையில் பூச்சியைக் கண்டுபிடித்த அம்மாவுக்கு, அரிக்காத பிள்ளையின் உடம்பில் இருப்பதைத் தேடத் தோன்றவில்லை. அதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது. மெல்லன்பிக்கு முன்னால் டாக்டர்களும் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வெறும் அரிப்புதானே என்று விடக்கூடிய விஷயமும் இல்லை இது. நகம் பட்ட புண்ணில் பாக்டீரியா ஏறும், சீழ் பிடிக்கும். அந்தப் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாக இருந்தால் சில வாரம் கழித்துக் குழந்தையின் முகம் வீங்கும், சிறுநீர் கறுக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. விரலிடுக்கில் ஆரம்பித்த ஒன்று சிறுநீரகத்தில் போய் முடிவதை வெப்ப நாடுகளின் குழந்தை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். உலகத்தில் எந்த நேரத்திலும் சுமார் 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இருந்தும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது 2017இல்தான். புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலிலேயே அத்தனை காலம் புறக்கணிப்பு!

மருந்து இப்போது நல்லதாகவே இருக்கிறது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு 1980களின் முடிவிலிருந்து புழக்கத்தில் உண்டு. கந்தகம் போல நாறாது, வெள்ளை மருந்து போல எரியாது. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. அதன் மூலப் பொருளைக் கண்டுபிடித்த காம்ப்பெல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2015இல் வெளியான ஃபிஜித் தீவுகளின் ஆய்வு மெல்லன்பி சொன்னதை ஊர் அளவில் செய்து காட்டியது. அரிக்கிறவர், அரிக்காதவர் என்று பார்க்காமல் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடங்களில் சிரங்கு ஒரே வருஷத்தில் 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. நோய் உள்ளவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் களிம்பு கொடுத்த இடங்களில் 37லிருந்து 19க்குத்தான் வந்தது.

நம் ஊரில் நடுவில் புகுந்த குழப்பம் வேறு. அரிப்பு என்று சொன்னால் மருந்துக்கடையில் ஒரு ட்யூபை நீட்டுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். பூசினதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், விலையும் குறைவு. வாங்கியவருக்குப் பரம திருப்தி. பூச்சிக்கோ அதைவிடத் திருப்தி. எதிர்ப்புதான் அடங்கிவிட்டதே, உள்ளே அது பாட்டுக்குப் பெருகும். நோயின் அடையாளமும் மாறிப்போய் டாக்டருக்கே பார்த்ததும் பிடிபடாது. படர்தாமரையிலும் இதே கதைதான். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. சட்டம் இருக்கிறது. ட்யூபும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் வைத்து இதைத் தீர்க்க முடியாதா என்றால், வீட்டில் வைத்து மட்டும்தான் தீர்க்க முடியும். டாக்டர் பார்த்து இது சிரங்குதான் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. மீதி எல்லாம் வீட்டு வேலை. வீட்டிலுள்ள அத்தனை பேரும், அரிக்கிறதோ இல்லையோ, ஒரே ராத்திரியில் பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் பூசி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வந்தவற்றுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் பூசக் கூடாது. பழைய கந்தகக் களிம்பு இன்றைக்கும் பயன்படுகிற இடம் அதுதான். முந்தின நாட்களில் உடுத்திய துணி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும், பெட்டி பீரோவைக் கவிழ்க்க வேண்டியதில்லை. உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு அரிப்பு இருக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள்ளேயேதானே கிடக்கின்றன, மேல் தோல் உதிரும்போதுதான் போகும். இது தெரியாமல் தினமும் மருந்தைப் பூசித் தோலை வெந்துபோக வைத்துக்கொண்டு, அந்த எரிச்சலையும் சிரங்கு என்று நினைத்து இன்னும் பூசுகிறவர்கள் உண்டு. பூசும்போது எல்லோரும் மறந்துவிடுகிற இடம் ஒன்றும் உண்டு, நகத்துக்கு அடியில். சொறிந்த விரல் அதுதான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மருந்தை உள்ளே தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்த பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.